திருத்தாதே, வாட்டி

மாலை நாலு மணி. டிசம்பர் மாதம். கார்பிஹாஸ் பண்ணைக்குப் போகும் சாலை…

நாலு மணிக்கு என்ன பேய் என்று அங்கே யாரோ முனகுகிறீர்கள். அந்தப் பக்கத்தில் டிசம்பர் நாலு மணி என்றால் நீட்டிய கை தெரியாது. மதியம் சூரியன் குன்றுக்கு மேலே தலையைக் காட்டும், கடமை முடிந்தது என்று போய்விடும். மெழுகுவத்தியை இந்தப் பக்கம் தள்ளுங்கள். போர்வையை ஒருத்தரே சுருட்டிக்கொள்ளாமல் எல்லார் காலுக்கும் விடுங்கள். மின்சாரம் வருகிறபோது வரட்டும்.

இது எனக்கு நடந்ததில்லை. ஸ்காட்லாந்தில், டம்ஃப்ரீஸ் நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் எல்ஸ்பெத்தின் அத்தை வீட்டில் நடந்தது. எல்ஸ்பெத் பொய் சொல்கிறவள் இல்லை. வேலைக்குத் தாமதமாக வந்தால்கூட பஸ் மேல் பழி போடமாட்டாள், தூங்கிவிட்டேன் என்றுதான் சொல்வாள். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சாலையில் ஒரு பக்கம் கல் அடுக்கிய சுவர். மறுபக்கம் சதுப்பு. கடைசி வீட்டைத் தாண்டிவிட்டால் கார்பிஹாஸ் வரைக்கும் ஒரு விளக்கு கிடையாது. ஆடுகள் இருமும். அந்த இருமல் மனுஷன் இருமுவது போலவே இருக்கும், பழகினவர்களுக்கே ஒரு கணம் திக்கென்று இருக்கும். சாலை நேராகப் போய் அந்த வீட்டு முற்றத்தில் முடிகிறது. அதற்கு அப்பால் எங்கும் போகாது. ஆகவே, அந்தச் சாலையில் யாராவது வந்தால்… அந்த வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

அத்தை பெயர் எஃபி. அடுப்பில் பார்லிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கணவர் வாட்டி அப்போதுதான் ஆடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்திருந்தார். ஈரக் கம்பளி வாடை. அடுப்பில் கெட்டில் முனகும் சத்தம். வேறு சத்தம் இல்லை.

அப்போது சாலை முனையிலிருந்து ஒரு குரல்.

"டால்… ஸீல்…"

உரக்கக் கூப்பிடவில்லை. மெதுவாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி. அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு மெதுவான குரல் சமையலறைக்குள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் உங்களுக்குப் பயம் வராது, என் தொண்டைதான் வீண்.

வாட்டியின் குடும்பப் பெயர் டீயெல். அந்தப் பள்ளத்தாக்கில் வாட்டி என்ற பெயரில் நிறையப் பேர் இருந்ததால் அக்கம்பக்கம் எல்லோருக்கும் அவர் டீயெல்தான். ஆனால் எழுதும்போது நடுவில் ஒரு இஸட் வரும். எழுத்தை மட்டும் பார்த்துப் படிக்கிறவன் டால்ஸீல் என்றுதான் படிப்பான். ஏன் இந்தக் கூத்து என்றால், அவர்களுடைய ஸ்காட்ஸ் மொழியில் முன்பு ஒரு எழுத்து இருந்தது. மூன்று என்ற எண்ணுக்கு வால் முளைத்தது போல இருக்கும். ஏறக்குறைய யகர ஒலி. அச்சு வந்தபோது, வெளியிலிருந்து வாங்கிய அச்செழுத்துப் பெட்டியில் அது இல்லை. அச்சுக் கோத்தவர்கள் பார்வைக்கு அதைப் போல இருந்த இஸட்டை எடுத்துச் செருகிவிட்டார்கள். தாளில் இஸட் நின்றுவிட்டது, வாயில் பழைய ஒலி நின்றுவிட்டது. நம் ழகரம் ஆங்கிலத்தில் படும் பாடு தெரியுமே. வடக்கே ஓர் ஆபீசில் பட்டியலைப் பார்த்து "மிஸ் தேன்மோஸி" என்று கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் அந்தப் பெண்ணை அறிந்தவர் இல்லை, காகிதத்தை அறிந்தவர் என்று நமக்குப் புரிந்துவிடும். அதே கதைதான்.

ஆக, டால்ஸீல் என்று கூப்பிடுவது யாராக இருந்தாலும் ஊர்க்காரர் இல்லை. அந்தப் பெயரைக் காதால் கேட்டதே இல்லை. எங்கேயோ படித்திருக்கிறது.

வாட்டிக்கு இந்த விஷயத்தில் தீராத கோபம். வங்கியோ, ஆஸ்பத்திரியோ, தீவனக் கம்பெனியோ, யார் தப்பாகச் சொன்னாலும் விடமாட்டார். பேச்சைப் பாதியில் நிறுத்தித் திருத்துவார். "டால்ஸீல் இல்ல, டீயெல். எழுதுறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு." குடல்வால் ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டபோது, கண் செருகிக்கொண்டே டாக்டரைத் திருத்தினாராம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இப்போது சிரித்துவிடுங்கள்.

ஆனால் அந்த மனுஷனுக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழியில் பதில் சொன்னதற்காக உள்ளங்கையில் தோல்வாரால் அடி வாங்கி வளர்ந்த தலைமுறை அது. வீட்டில் ஒரு வாய், பள்ளிக்கூடத்தில் ஒரு வாய். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவரை நேரில் தெரியாது, ஆனாலும் இதைக் கேட்டபோது அவர் மேல் ஒரு பிரியம் வந்தது.

சரி. குரல் வந்ததும் வாட்டி கழற்றின பூட்ஸை மறுபடி மாட்டினார்.

"பார்சல் வண்டிக்காரனா இருக்கும். வழி தெரியாம நிக்கிறான். போயி பேரச் சொல்லிக் குடுத்துட்டு வர்றேன்."

எஃபி கையில் கரண்டியோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றாள்.

"வண்டிச் சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

வாட்டி யோசித்தார். கேட்கவில்லை. நாயைப் பார்த்தார். கிளென் என்று ஒரு கிழ நாய், இலை அசைந்தாலும் குரைக்கிற ஜாதி. அது மேஜைக்கு அடியில் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒக்காரு, வாட்டி," என்றாள் எஃபி. "பதில் பேசாத."

அவளுக்கு அது என்னவென்று அப்போதே தெரியும். அதுதான் பாவம்.

எஃபிக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்த பாட்டுகள் நிறைய உண்டு. அதில் ஒன்று, பனிக்காலத்தில் ஒரு வீட்டு வாசலில் யாரோ வந்து நிற்கிற பாட்டு. என் பெயர் தெரிந்தால் வருகிறேன் என்கிறாள் உள்ளே இருப்பவள். தெரியும் என்கிறது வெளியே நிற்பது. பெயரைச் சொல்கிறது. அடுத்த வரியில் அடுப்பு எரிகிறது, நாற்காலி காலி. அவ்வளவுதான் பாட்டு. பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் யாரும் எதுவும் பாடமாட்டார்கள். விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள். டக். அப்புறம் அடுத்த வரி. அவள் அம்மா தட்டினாள், அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் தட்டினாள்.

அந்த வருஷம் வசந்தத்தில் எடின்பரோவிலிருந்து கோரின் என்று ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. ஸ்காட்ஸ் மொழிப் பாட்டுகளை எல்லாம் பதிவு செய்து, பேசுகிறபடியே எழுதிப் புத்தகம் போடப்போகிறேன் என்றாள். நல்ல பெண். எஃபி சுட்ட ஓட்ஸ் அப்பத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சமையலறை மேஜையில் பதிவுக் கருவியை வைத்தாள். எஃபி பாடினாள். அந்த இடம் வந்ததும் தட்டினாள்.

"தட்டுற சத்தத்த எப்படிங்க அச்சடிக்கிறது?" என்று கேட்டாள் கோரின். "அங்க என்ன பேரு வரணும்?"

"யாரு பாடுறாங்களோ அவங்க பேருதான் வரணும். அதனாலதான் யாரும் சொல்றதில்ல, பொண்ணே."

கோரின் முதல் பாதியைக் குறித்துக்கொண்டாள். இரண்டாவது பாதியை விட்டுவிட்டாள். படித்தவர்களுக்கு வரி காலியாகக் கிடந்தால் பொறுக்காது. இன்னொரு தப்பும் செய்தாள். அந்த நாட்டில் பெண்ணுக்குக் கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயர்தான் சொந்தம், கல்லறையில்கூட அதைத்தான் வெட்டுவார்கள். எஃபி பிறந்தது கிளெண்டினிங் வீட்டில். கோரின் தெற்கே இங்கிலாந்தில் வளர்ந்தவள். கல்யாணமான பெண்ணுக்குக் கதவில் எழுதியிருக்கும் பெயர்தான் பெயர் என்று நினைத்துவிட்டாள்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் தபாலில் வந்தது. வாட்டிக்குத் தலைகால் புரியவில்லை. எதற்காகச் சின்ன வயதில் அடி வாங்கினாரோ அந்தப் பேச்சு, தடித்த தாளில், பளிச்சென்று. தடவித் தடவிப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

"எஃபி, இங்க பாரு. பாட்டுல நம்ம பேரு இருக்கு."

எஃபி எட்டிப் பார்த்தாள். மேஜையைத் தட்ட வேண்டிய இடத்தில், இஸட் போட்டு, டால்ஸீல் என்று அழகாக அச்சாகியிருந்தது. புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி மாவுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அவர் சிரித்தார். அவளும் கூடச் சிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை… முதல் பனி விழுகிற வரைக்கும்.

இப்போது புரிகிறதா, எங்கே படித்திருக்கிறது என்று?

முதல் குரல் கேட்ட மறுநாள், இருட்டியதும் மறுபடி வந்தது. இந்தமுறை சாலை முனையில் இல்லை. வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில். "டால்… ஸீல்…" அதற்கு அடுத்த நாள் கேட்டுக்கு உள்ளே. கேட் திறந்த சத்தம் இல்லை. அந்தக் கேட் கீல் துருப்பிடித்தது, யார் தொட்டாலும் கிறீச்சிடும். அது கிறீச்சிடவில்லை.

ஒவ்வொரு நாளும் பெயரை வேறுவேறு மாதிரி சொல்லிப் பார்த்தது. "டால்ஸி… யெல்." கொஞ்சம் இடைவெளி. "டல்… ஸைல்." மறுபடி இடைவெளி. யாராவது ஆமாம் என்று சொல்வார்களா என்று காத்திருக்கிற இடைவெளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிக்குமே, அப்படி.

எஃபி கணவரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "அதுக்குப் பேரு வரல. வராத வரைக்கும் உன்னைத் தொட முடியாது. தப்பாவே சொல்லட்டும். நீ மட்டும் திருத்தாத, வாட்டி. உன் கால்ல விழுறேன், திருத்தாத."

வாட்டி இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் நாயைப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்த்தார். சரி என்றார். குரல் வரும் நேரத்தில் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாடை நடுங்குமாம். பயத்தால் இல்லை. அவ்வளவு காலம் ஊறின பழக்கம் தொண்டை வரைக்கும் வந்து வந்து முட்டுகிறது.

ஒருநாள் அது முற்றத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே டெலிபோன் அடித்தது. வாட்டி எடுத்துவிட்டார்.

"மிஸ்டர் டால்ஸீல்?" தீவனக் கம்பெனிப் பையன். "உங்க மூட்டை வியாழக்கிழம வருது, மிஸ்டர் டால்ஸீல்."

வாட்டியின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. "டால்ஸீல் இல்ல…"

முற்றத்தில் குரல் நின்றது. சட்டென்று. காதைக் கதவில் வைத்த மாதிரி ஒரு நிசப்தம். ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஆவி படிந்தது… ஒரு வட்டம், சின்னதாக.

எஃபி பாய்ந்து டெலிபோன் ஒயரைச் சுவரிலிருந்து பிய்த்தாள்.

வாட்டி மீதியை விழுங்கினார். விழுங்கின சத்தம் அவளுக்குக் கேட்டது. கண்ணாடியில் இருந்த ஆவி மெல்லச் சுருங்கிக் காணாமல் போனது. அப்போதுதான் அவளுக்கு அந்த வாசனை தெரிந்தது. கதவிடுக்கு வழியாக வந்தது. பிணவாடை, கந்தகம் அதெல்லாம் இல்லை. புதுப் புத்தகத்தைப் பிரித்து மூக்கில் வைத்தால் வருமே… அந்த வாசனை. மையும் பசையும். வெளியே கணுக்கால் உயரம் பனி.

அன்று ராத்திரி எஃபி தூங்கவில்லை. பாட்டு தன்னுடையது, பெயர் அவருடையது. தான் பாடினதற்கு அவர் ஏன் போக வேண்டும். அந்த எண்ணம் அவளைத் தின்றது. மறுநாள் காலை, தபால் வண்டிக்காரரிடம் எல்ஸ்பெத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள். அந்தப் பெண் கோரினைப் பார்த்து, புத்தகத்திலிருந்து எங்கள் பெயரை எடுக்கச் சொல். அவ்வளவுதான் சொன்னாள். காரணம் சொல்ல வெட்கம். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் சிரிக்கும்.

அன்று இருட்டியதும் அவளே கதவைத் திறந்து வாசல்படியில் நின்றாள். முற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. பனி மட்டும். வாசனை மட்டும்.

"பாடினது நான்," என்றாள் இருட்டைப் பார்த்து. "அவனுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்ல. என் பேரு எஃபி கிளெண்டினிங். நல்லாக் கேட்டுக்க. கிளெண்டினிங். என்னைக் கூப்பிடு."

வெளியே நின்றது யோசித்தது. யோசித்தது அவளுக்குத் தெரிந்ததாம், எப்படி என்று கேட்காதீர்கள். அப்புறம், அவள் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில்…

"டால்… ஸீல்."

அதற்கு அச்சில் இருப்பதுதான் கணக்கு. கிளெண்டினிங் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். வாட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அட விடு, பொண்ணே. நான் வாயைத் தொறந்தாத்தானே," என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் குரல் தளர்ந்திருந்தது. எத்தனை நாளாகத் தூங்காத உடம்பு.

மறுநாள் பனி கொட்டியது. சாலை மூடிவிட்டது. இருட்டியதும் இருவரும் அடுப்புக்கு முன்னால் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்கள். எஃபி அவர் கையைப் பிடித்திருந்தாள். அடுப்புச் சூடு. காற்று புகைபோக்கியில் ஊதியது. வாட்டிக்குத் தலை தொங்கியது, நிமிர்ந்தார், மறுபடி தொங்கியது.

வாசனை வந்தது. இந்தமுறை குரல் கதவுக்கு வெளியே இல்லை. கதவிலேயே இருந்தது, பலகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஆனால் பெயரைச் சொல்லவில்லை. முதலில் தொண்டையைச் செருமியது. ஆபீஸ் குமாஸ்தா செருமுவாரே, அப்படி.

"மன்னிக்க வேண்டும்," என்றது. மிகவும் மரியாதையாக. "தங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?"

எஃபியின் கை அவர் வாயை நோக்கிப் போனது.

கை போய்ச் சேரவில்லை. அரைத் தூக்கத்தில், கண்ணைத் திறக்காமல், வாட்டி சொன்னார்.

"டீயெல். எழுதுறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு."

அப்புறம்தான் விழித்தார். என்ன சொன்னோம் என்று புரிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைப் பற்றி எல்ஸ்பெத்திடம் சொல்லும்போது அத்தை அழவே இல்லையாம், அதுதான் தன்னால் தாங்க முடியவில்லை என்றாள் எல்ஸ்பெத்.

வெளியே… "டீயெல்," என்றது.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் நன்றாக. "டீயெல்."

மறுபடி. இந்தமுறை வாட்டியின் குரலில். அந்தக் கரகரப்பு, அந்த இழுவை, எல்லாம் அப்படியே. "டீயெல். எழுதுறது ஒண்ணு… சொல்றது ஒண்ணு." சொல்லிக்கொண்டே, சொல்லிப் பழகிக்கொண்டே, முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, சாலையில் தூரமாகப் போனது. கேட் கிறீச்சிட்டது. வாசனை நின்றுவிட்டது. மேஜைக்கு அடியிலிருந்து நாய் வெளியே வந்து தண்ணீர் குடித்தது.

நாற்காலி காலியாகவில்லை. வாட்டி அதிலேயே உட்கார்ந்திருந்தார். கை சூடாக இருந்தது. எஃபி விடிகிறவரை அந்தக் கையை விடவில்லை.

என்ன, அவ்வளவுதானா என்கிறீர்களா? அவளும் அப்படித்தான் நினைத்தாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள். காலையில் கஞ்சிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தபோது சந்தோஷத்தில் கொஞ்சம் சீண்டத் தோன்றியது. இத்தனை நாளாக வாயில் போடாமல் வைத்திருந்த பெயரைச் சொன்னாள்.

"என்னடா டீயெல், உப்பு போதுமா?"

அவர் நிமிரவில்லை. அவள் வேறு யாரிடமோ பேசுகிறாள் என்பது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

சாலையில் பனியை ஒதுக்கியதும் தபால் வண்டிக்காரர் வந்தார். ஊர்க்காரர். வாட்டியைச் சீண்டுவதற்காகவே எப்போதும் பார்சலில் எழுதியிருப்பதை அப்படியே படிப்பார், திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பார். அன்றும் படித்தார். "மிஸ்டர் டால்ஸீல் யாருப்பா இங்க?"

"ஆம், நான்தான்," என்றார் வாட்டி. "மிக்க நன்றி. சாலை வழுக்கும், கவனமாகச் செல்லுங்கள்."

தபால்காரருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாயிலிருந்து அவர் வீட்டுப் பேச்சைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. இது பாடப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. திருத்தமாக, இலக்கணமாக, அச்சடித்தது போல. எஃபி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய பேச்சு போய்விட்டது. கெட்ட வார்த்தை போய்விட்டது, "பொண்ணே" போய்விட்டது. ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆடு வரவில்லை.

டம்ஃப்ரீஸில் இருந்த எல்ஸ்பெத்துக்கு இது எதுவும் தெரியாது. அத்தை சொல்லியனுப்பினது மட்டும்தான் தெரியும். பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று மாமாவுக்குக் கோபம், வழக்கமான கோபம் என்று நினைத்துக்கொண்டாள். கோரினுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் பதறிப்போய், நேரிலேயே வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று ரயிலேறி வந்தாள். எல்ஸ்பெத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். வழியெல்லாம் கோரின் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகினாள்.

"டியல்?"

"இல்ல, முதல்ல நீட்டணும். டீ… யெல்."

"டீயெல்."

"இப்ப ஊர்க்காரி மாதிரியே சொல்ற," என்றாள் எல்ஸ்பெத்.

போய்ச் சேர்ந்தபோது மாலை நாலு மணி. இருட்டிவிட்டது. எல்ஸ்பெத் காரைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தாள். முன்விளக்கு வெளிச்சத்தில் கோரின் முற்றத்தைக் கடந்து போவது தெரிந்தது. பனியில் அவள் காலடி, சரக்… சரக்… கையில் திருத்தின பக்கம். எஃபி அத்தை ஜன்னலில் வந்து நின்றாள். யாரென்று பார்த்ததும் இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வாய் அசைந்தது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. வரவேற்கிறாள் என்று எல்ஸ்பெத் பதிலுக்குக் கையசைத்தாள்.

கோரின் கதவைத் தட்டினாள். பழகினபடியே, சுத்தமாக, தெளிவாகக் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் டீயெல்?"

கதவு திறந்தது. வாட்டி மாமா நின்றார். சவரம் செய்து, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு. புன்னகையோடு, தெரியாதவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும். அப்படி இங்கே யாரும் இல்லை. தாங்கள் யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள்?"

கோரின் கையிலிருந்த பக்கத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்ஸ்பெத் கார் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அப்போது அவளுக்குப் பின்னால், சாலையில், கேட்டின் கீல் கிறீச்சிட்டது.

"தோ வந்துட்டேன்," என்றது மாமாவின் குரல். சிரிப்பும் மூச்சிரைப்புமாக, அவருடைய சொந்தப் பேச்சில். "கதவச் சாத்திராத, பொண்ணே."